நலம் நாடி: "ஒன்றுமில்லை" என்று வந்த பிறகும் ஏன் இன்னொரு கமரா?



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டு எழுதப் போகிறேன். மற்றவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும். வன்னியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

"என் அம்மாவுக்கு 61 வயது. ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்சுக்குக் கீழே எரிவு. கொஞ்சம் சாப்பிட்டவுடனேயே வயிறு நிறைந்துவிட்டது என்பா. கேஸ்ட்ரைட்டிஸ்தானே என்று பாமசியில் கப்சியூல் வாங்கிக் குடித்துக்கொண்டு இருந்தா. போன மாதம் வைத்தியசாலையில் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் மேற்பக்கத்தில் மூன்று சிறிய முளைகளும், கீழ்ப்பக்கத்தில் சிவந்த ஒரு சிறிய பள்ளமும் இருப்பதாகச் சொல்லிச் சதைத்துண்டு எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். இப்போது டொக்டர், கொழும்பில் வேறு விதமான கமரா இருக்கிறது, அதனால் அந்தப் பள்ளத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கடிதம் தருகிறார். அண்ணா இது காசு பிடுங்கும் வேலை என்கிறார். அம்மாவோ இனி அந்த ரியூப்பை விழுங்கவே மாட்டேன் என்கிறா. இல்லை என்று வந்த பிறகு எதற்காகத் திரும்பவும் பார்க்க வேண்டும்?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சகோதரி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அண்ணாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நான் பல வருடங்கள் எண்டோஸ்கோப்பி அறையில் தாதியாகக் கடமையாற்றியவள். அந்த நாட்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாயை மேசையில் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. இரைப்பையில் ஒரு சிறிய புண். இரண்டு துண்டுகள் எடுத்தார்கள். சாதாரண அழற்சி என்று அறிக்கை வந்தது. மருந்து கொடுத்தார்கள், நோவு குறைந்தது. ஆறு கிழமையில் வரச் சொன்ன திகதிக்கு அவர் வரவில்லை. சுகமாகிவிட்டதென்று வீட்டில் எல்லோரும் நினைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அதே மேசைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது எந்தக் கமராவுக்கும் வேலை இருக்கவில்லை. யாரைக் குறை சொல்வது? அறிக்கையில் எழுதியிருந்தது பொய்யல்ல. எடுத்த இரண்டு துண்டுகளிலும் புற்றுநோய் இருக்கவில்லை. அவ்வளவுதான் அந்த அறிக்கையின் பொருள்.

இதை நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். சதைத்துண்டுப் பரிசோதனையில் எடுக்கப்படுவது இரண்டு மூன்று மில்லிமீற்றர் துண்டு. ஓர் எள்ளின் பருமன்தான். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பவருக்கு அந்த எள்ளைப் பற்றி மட்டுமே சொல்ல முடியும். அதற்குப் பக்கத்தில், அரை அங்குலம் தள்ளி என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே துண்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. உங்கள் அம்மாவின் டொக்டர் சொல்லும் அந்த வேறு விதமான கமரா, எடுக்க வேண்டிய இடத்தைக் காட்டித் தருவதற்குத்தான்.

இரைப்பையில் காணப்படும் முளைகள் எல்லாமே ஒன்றல்ல. மேற்பகுதியில் சிறு கண்ணாடி மணிகள் போல மினுமினுப்பாகத் தோன்றும் முளைகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஒமிப்பிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் கப்சியூல்களை நெடுங்காலம் பாவிப்பவர்களிடம் இவை அதிகம் வருகின்றன. உங்கள் அம்மாவின் மூன்று முளைகளும் அப்படிப்பட்டவையாக இருக்கலாம். இன்னொரு வகை, நாட்பட்ட அழற்சியினால் வருவது. நல்ல சிவப்பாக, சில வேளை ஸ்ட்ரோபெரிப் பழம் போல இருக்கும். இதுவும் பெரும்பாலும் தீங்கற்றதே, ஆனாலும் பெரிதாக வளர்ந்தால் அகற்றிவிடுவார்கள். மூன்றாவது வகை அடினோமா. வெளிறிய நிறத்தில் தட்டையாக எழும்பி நிற்கும். இது இன்று புற்றுநோய் அல்ல, நாளை ஆகக்கூடியது. ஆகவே விட்டுவைக்கக் கூடாது.

முளை என்றால் பயப்படுகிறோம், பள்ளம் என்றால் புண்தானே என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய் பல வேளைகளில் முளையாக வருவதில்லை. சற்றே சிவந்த, அல்லது சற்றே வெளிறிய, ஆழமற்ற ஒரு பள்ளமாகவே வருகிறது. பார்ப்பதற்குச் சாதாரண அழற்சி போலவே இருக்கும். உங்கள் டொக்டர் மூன்று முளைகளையும் விட்டுவிட்டு அந்தச் சிறிய பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால் அவர் தன் வேலையை அறிந்தவர் என்றே நான் சொல்வேன்.

ஆரம்பநிலை என்ற சொல்லுக்கு ஒரு திட்டமான பொருள் உண்டு. இரைப்பையின் சுவர் பல படைகளைக் கொண்டது. உட்புறமாக இருப்பது சீதமென்சவ்வு. அதற்கு அடுத்தது அதன் கீழ்ப்படை. அதற்கும் வெளியே தசைப்படை. புற்றுநோய் முதலிரண்டு படைகளுக்குள் நிற்கும்வரை அதை ஆரம்பநிலை என்று அழைக்க வேண்டும் என்று யப்பானிய வைத்தியர்கள் 1962இல் வரையறுத்தார்கள். உலகம் முழுவதும் அந்த வரையறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். இந்த நிலையில் கண்டுபிடித்துச் சிகிச்சை பெற்றவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடங்களைத் தாண்டி வாழ்கிறார்கள். தசையைத் தாண்டிய பின் அந்தக் கணக்கு மிக விரைவாக இறங்கிவிடுகிறது. ஆனால் ஆரம்பநிலையில் நோவும் இல்லை, இரத்தமும் இல்லை. இருந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ் போன்ற எரிவுதான். அதனால்தான் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கண் எப்படி வந்தது என்பது ஒரு நீண்ட கதை. 1868இல் ஜேர்மனியில் குஸ்மௌல் என்ற வைத்தியர் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்துத்தான் வளையாத நேர்க்குழாயை விட்டுப் பார்த்தார். வேறு யார் சம்மதிப்பார்கள்? 1950இல் ரோக்கியோவில் சத்திரசிகிச்சை வைத்தியர் ரட்சுரோ உஜி அவர்களும் ஒலிம்பஸ் கம்பனிப் பொறியியலாளர்களும் சேர்ந்து, விழுங்கக்கூடிய மிகச் சிறிய கமராவைச் செய்தார்கள். அதில் உள்ளே பார்க்க முடியாது. அறையை இருட்டாக்கிவிட்டு, வயிற்றுத் தோலின் ஊடாகத் தெரியும் வெளிச்சத்தை வைத்துக் கமரா எங்கே நிற்கிறது என்று ஊகித்துப் படம் பிடிப்பார்கள். பிலிமைக் கழுவிய பிறகுதான் என்ன அகப்பட்டது என்று தெரியும். 1957இல் அமெரிக்காவில் ஹேர்ஷோவிட்ஸ் என்பவர் வளையும் கண்ணாடி நாரில் செய்த கருவியை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். பிறகு திரையில் பார்க்கும் வீடியோக் கமரா வந்தது. உங்கள் அம்மா விழுங்கியது இந்த வகையைத்தான்.

யப்பானில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம். அதனால்தான் இந்தத் துறையில் புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை அங்கிருந்தே வந்தன. எமது நாட்டில் அது அவ்வளவு இல்லை. எமக்கு வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்தான் பெரிய தலையிடி. அதைப் பற்றி வேறொரு மாதம் எழுதுவேன். குறைவாக வருகிறது என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. யாரும் அதை நினைப்பதில்லை. நோயாளியும் நினைப்பதில்லை, சில வேளை வைத்தியரும் நினைப்பதில்லை.

இப்போது அந்தப் புதிய கமராவுக்கு வருகிறேன். சாதாரணக் கமரா வெள்ளை வெளிச்சத்தில் பார்க்கிறது. வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அதில் சிவப்பு ஒளி இழையத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும். ஆகவே மேற்பரப்பில் உள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் தெளிவாகத் தெரிவதில்லை, எல்லாமே இளஞ்சிவப்பாகத் தெரியும். 1999 அளவில் யப்பானின் தேசிய புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த வைத்தியர்களும் ஒலிம்பஸ் கம்பனியும் சேர்ந்து, சிவப்பை நீக்கிவிட்டு இரண்டு குறுகிய ஒளிக்கற்றைகளை மட்டும் அனுப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒன்று 415 நனோமீற்றர் அலைநீளம் கொண்ட நீலம், மற்றது 540 நனோமீற்றர் கொண்ட பச்சை. குருதியில் உள்ள ஹீமோகுளோபின் இந்த இரண்டு நிறங்களையும் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. நீலம் ஆழமாக இறங்காமல் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே சீதமென்சவ்வின் மேலுள்ள மயிர்த்துளைக் குழாய்கள் கபில நிறக் கோடுகளாகத் திரையில் எழும்பித் தெரிகின்றன. மருந்து ஊசியோ, சாயமோ தேவையில்லை. பிடியில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் மாறிவிடும். 2000களின் நடுப்பகுதியில் இது விற்பனைக்கு வந்தது. வேறு கம்பனிகளும் இதே எண்ணத்தில் தமது முறைகளைக் கொண்டுவந்திருக்கின்றன.

இத்துடன் உருப்பெருக்கும் வில்லையும் சேரும்போதுதான் உண்மையான பயன். சுமார் 80 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். எள்ளை வெட்டியெடுக்காமலே எள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று ஓரளவுக்குப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்து எப்படிப் பிரித்தறிகிறார்கள்? இதற்கு ஒரு நல்ல வழியை வகுத்துத் தந்தவர்களில் முக்கியமானவர் புக்குவோக்காவைச் சேர்ந்த வைத்தியர் கென்ஷி யாவோ. இரண்டு கேள்விகள்தான். முதலாவது, அந்த இடத்துக்கும் சுற்றியுள்ள சாதாரண இடத்துக்கும் இடையில் தெளிவான எல்லைக்கோடு இருக்கிறதா? எமது ஊரில் வயலுக்கு வரம்பு கட்டியிருப்பது போல. அழற்சி என்றால் அது மெல்ல மெல்லப் பரவி மறைந்துபோகும், வரம்பு இராது. புற்றுநோய் அப்படியல்ல. ஒரே கலத்திலிருந்து பெருகி வந்த கூட்டம் என்பதால் அது முடியும் இடம் சட்டென்று முடிகிறது. வரம்பு இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை.

வரம்பு இருந்தால் இரண்டாவது கேள்வி. அந்த வரம்புக்குள் குருதிக்குழாய்களும் மேற்பரப்பின் கோலமும் ஒழுங்காக இருக்கின்றனவா? சாதாரண இரைப்பையில் இந்த நுண்குழாய்கள் தேன்கூடு போல, ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் ஓடும். பனையோலைப் பாய் இழைத்துப் பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். நன்றாக இழைத்த பாயில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் இழை தாறுமாறாகப் போயிருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும் அல்லவா? புற்றுநோய் உள்ள இடத்தில் குழாய்கள் ஒன்று தடிப்பாக, ஒன்று மெல்லியதாக, வளைந்து நெளிந்து, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் இருக்கும். வரம்பும் இருந்து, அதற்குள் குழாய்களோ மேற்பரப்போ ஒழுங்கற்றும் இருந்தால் புற்றுநோய் என்று சந்தேகித்து, சரியாக அந்த இடத்திலிருந்து துண்டு எடுப்பார்கள். 2016இல் யப்பானிய நிபுணர்கள் கூடி இதையே எல்லோரும் பின்பற்றக்கூடிய எளிய படிமுறையாக வெளியிட்டார்கள்.

இதனால் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா என்று அண்ணா கேட்பார். அதையும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் யப்பானில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறு பள்ளங்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள், உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்றவை. வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் பார்த்தபோது புற்றுநோயா இல்லையா என்று சரியாகச் சொல்ல முடிந்தது 64.8 வீதம். புதிய ஒளியில் உருப்பெருக்கிப் பார்த்தபோது 90.4 வீதம். முதலில் வெள்ளையில் பார்த்துவிட்டுப் பிறகு புதிய ஒளியிலும் பார்த்தபோது 96.6 வீதம். மூன்றில் ஒன்று பிழைக்கக்கூடிய நிலையிலிருந்து முப்பதில் ஒன்று என்ற நிலைக்கு வந்திருக்கிறது. கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசுக்கு இது பெறுமதி இல்லையா?

அதற்காக இது மந்திரக் கண்ணாடி என்று நினைத்துவிட வேண்டாம். உருப்பெருக்கிப் பார்க்கும்போது ஒரு சிறிய வட்டம்தான் தெரியும். இரைப்பை முழுவதையும் அப்படித் தேடிக்கொண்டு போக முடியாது. சந்தேகமான இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டியது வெள்ளை வெளிச்சமும் பார்ப்பவரின் கண்ணும் பொறுமையும்தான். சிங்கப்பூரில் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. சராசரியாக ஏழு நிமிடங்களுக்கு மேல் எடுத்து நிதானமாகப் பார்த்த வைத்தியர்கள், அவசரமாகப் பார்த்தவர்களை விட இரண்டு மடங்கு ஆபத்தான இடங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். ரியூப்பை வைத்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு ஏழு நிமிடம் ஏழு மணித்தியாலம் போலத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் டொக்டர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று குறைப்படாதீர்கள்.

இன்னொரு வகைப் புற்றுநோய் இருக்கிறது. இது பரவலாகப் பிரிந்து, சீதமென்சவ்வின் அடியில் ஊர்ந்து செல்லும். மேற்பரப்பில் வரம்பும் தெரியாது, குழாய்களும் அதிகம் மாறாது. வெளிறிய ஓர் இடமாக மட்டுமே காணப்படலாம். இளவயதுப் பெண்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தால் அதில் இந்த வகை அதிகம். இங்கே புதிய ஒளியும் ஏமாந்து போகலாம். அதனால் சந்தேகம் இருந்தால் துண்டு எடுத்தே ஆக வேண்டும். முடிவு சொல்வது கடைசியில் ஆய்வுகூடம்தான்.

கணினியும் இப்போது இந்த வேலைக்கு வந்துவிட்டது. யப்பானில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 2,296 படங்களைக் கணினிக்குக் கொடுத்தார்கள். 47 செக்கனில் எல்லாவற்றையும் பார்த்து, அதிலிருந்த 77 புற்றுநோய்களில் 71ஐக் கண்டுபிடித்துவிட்டது. கேட்க வியப்பாக இருக்கிறது. ஆனால் புற்றுநோயே இல்லாத 161 இடங்களையும் புற்றுநோய் என்று சொல்லியிருந்தது! மனிதக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

அம்மா குடித்துக்கொண்டிருக்கும் கப்சியூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து புற்றுநோய்ப் புண்ணின் மேற்பரப்பையும் தற்காலிகமாக ஆற்றிவிடும். நோவு போய்விடும், கமராவிலும் புண் ஆறியது போலத் தெரியும், அடியில் நோய் இருந்துகொண்டே இருக்கும். நான் முன்பு சொன்ன அந்தத் தாய்க்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம். ஆகவே என்ன கப்சியூல், எவ்வளவு காலமாக என்பதைக் கொழும்பு டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன் சில நாட்கள் நிறுத்தச் சொல்லக்கூடும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. எரிவு வந்தவர்கள் எல்லோரும் கமரா பார்க்க ஓட வேண்டியதில்லை. ஆனால் 55 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய அஜீரணம், காரணமில்லாமல் மெலிதல், விழுங்கும்போது அடைத்தல், தொடர்ந்த வாந்தி, இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பாமசியோடு நிற்கக் கூடாது. (இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவர்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும், அதைக் கண்டு பதற வேண்டாம்.) அதேபோல, மாதவிடாய் நின்று பல வருடங்களான ஒரு பெண்ணுக்கு இரத்தச்சோகை என்றால், இரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். எமது பெண்களுக்குச் சோகை வழக்கம்தானே என்று குளிசையை மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இந்நோய்க்கு முக்கிய காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பக்றீரியா. அவுஸ்திரேலியாவில் 1982இல் இதைக் கண்டுபிடித்த பரி மார்ஷல், ரொபின் வொரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார். மூச்சுப் பரிசோதனையாலோ சதைத்துண்டாலோ அது இருப்பதை அறியலாம், மருந்தால் ஒழிக்கலாம். ஒழித்தால் ஆபத்து குறைகிறது, முற்றாக நீங்குவதில்லை. கிருமி போன பிறகு தோன்றும் புற்றுநோய் அழற்சி போலவே தோற்றமளித்து ஏமாற்றுவதும் உண்டு. உப்பில் ஊறிய கருவாடு, ஊறுகாய், புகைத்தல் இவையும் ஆபத்தைக் கூட்டுபவை.

இனி உங்கள் அம்மாவிடம் வருகிறேன். அவவுக்குப் பயம் ரியூப் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். அநேகமான தாய்மார் ரியூப்புக்குப் பயப்படுவதில்லை, வயிற்றை வெட்டிவிடுவார்கள் என்றுதான் பயப்படுவார்கள். அவவுக்கு இதைச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் ஒன்றுமில்லை என்று வரவே வாய்ப்பு அதிகம். அப்படி இல்லாமல் ஆரம்பநிலையில் ஏதாவது இருந்தாலும், அது சீதமென்சவ்வோடு நிற்குமானால் பல வேளைகளில் வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. அதே ரியூப்பின் வழியாகச் சிறிய கத்தியை அனுப்பி, அடியில் திரவத்தை ஏற்றி மேலெழுப்பி, சுற்றி வெட்டி, தோடம்பழத்தின் தோலை உரிப்பது போல அந்த இடத்தை மட்டும் உரித்து எடுத்துவிடலாம். யப்பானில் 1990களின் கடைசியில் தொடங்கிய முறை இது. இரைப்பை அப்படியே இருக்கும், சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுவதும் நான் மேலே சொன்ன அதே வரம்புக்கோடுதான். பிந்திக் கண்டுபிடித்தால்தான் இரைப்பையை எடுக்க வேண்டி வரும். ஒவ்வொருவருக்கும் எது பொருந்தும் என்று அவர்களுடைய வைத்தியரே சொல்ல வேண்டும்.

அண்ணாவின் கோபமும் எனக்கு விளங்குகிறது. காசு பிடுங்குபவர்களும் இல்லாமல் இல்லை. அவர் டொக்டரிடம் நேரே கேட்கட்டும்: அரசாங்க வைத்தியசாலையில் இதைச் செய்ய முடியுமா, எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், காத்திருப்பதால் பாதகம் உண்டா என்று. பெரும்பாலும் சில கிழமைகள் காத்திருக்கலாம். வருடக் கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

போகும்போது முதல் பரிசோதனையின் அறிக்கை, படங்கள், ஆய்வுகூட அறிக்கை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பள்ளம் எந்த இடத்தில் இருந்தது என்று படத்தைப் பார்த்தால் கொழும்பில் உள்ளவர் தேடி அலைய வேண்டியதில்லை. முடிந்தால் ஆய்வுகூடத்தில் வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பாருங்கள். குருதி உறையாமலிருக்க அம்மா ஏதாவது மருந்து குடித்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கொடுக்க வேண்டாம், தேநீரும் கூடாது. தண்ணீர் எவ்வளவு நேரம் வரை குடிக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். இரைப்பையில் உள்ள நுரையை நீக்க ஒரு மருந்து குடிக்கத் தருவார்கள், பிறகு தொண்டை மரத்துப்போக விசிறுவார்கள். சற்று மயக்கம் தரும் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். சென்ற முறை மிகவும் கஷ்டப்பட்டா என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அப்படி ஊசி போட்டால் அன்றே பஸ் ஏற வேண்டாம், கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கி வாருங்கள். மேசையில் படுத்த பிறகு எச்சிலை விழுங்காமல் வெளியே வழிய விடச் சொல்லுங்கள், மூக்கால் மெல்ல மூச்செடுத்து விடச் சொல்லுங்கள். அங்கே கையைப் பிடித்துக்கொள்ள ஒரு தாதி நிற்பார்.

முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.